டோல் இல்லாத தாஷா

எம்.டி. ராமநாதன் பாடிக் கேட்டவர்களுக்குத் தெரியும். அவசரமே இல்லாமல், அடிவயிற்றிலிருந்து எழுந்து வரும் குரல் அது. அந்தக் குரல் புணேவின் கோத்ரூட் பகுதியில் எங்கள் வீட்டில் ஓர் ஆடி மாத மழைநாளில் கீச்சென்று வந்தது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுவது போல இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுக்கத் திருப்பினேன். பாட்டைவிட இரைச்சல்தான் கூடியது. மிருதங்கத்தில் வலந்தலையின் ‘நம்’மும் ‘தின்’னும் டொக்கு டொக்கென்று விழுந்தன. இடந்தலை, நாம் தொப்பி என்று சொல்லும் அந்தப் பக்கம், அடியோடு காணோம்.

தட்டு கெட்டுவிட்டது என்றே முடிவு செய்தேன். நாற்பது வருடம் பரணில் கிடந்தால் என்ன மிஞ்சும்?

அது அப்பாவின் தட்டு. புணேவின் கடக்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தார் அப்பா. சம்பளத்தில் அரிசி, பள்ளிக்கூடம், ஊருக்கு மணியார்டர் எல்லாம் போக மிஞ்சியதில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு எல்பி வாங்குவார். அட்டையின் பின்பக்க மூலையில் வாங்கிய தேதியைப் பென்சிலால் குறிப்பார். அவர் போனபோது 43 தட்டுகள் இருந்தன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் வருட ‘வெங்கடேச சுப்ரபாதம்’, வீணை எஸ். பாலச்சந்தர், ராமநாதன், அப்புறம் எங்கள் புணேவின் பீம்சேன் ஜோஷி. அண்ணன் பிற்பாடு சேர்த்த இளையராஜா தட்டுகள் தனி அடுக்கு. ரமணபாக் பள்ளி மைதானத்தில் நடந்த சவாய் கந்தர்வ விழாவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பாவின் மடியில் தூங்கியபடி பீம்சேனைக் ‘கேட்ட’ பெண் நான். பிறகு முப்பது வருடம் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தத் தட்டுகளுக்கு நேரம் கிடைத்தது.

அப்பாவின் பிளேயர் மூடியோடு தூக்கிச் செல்லும் பெட்டி வகை. அதன் ஊசி எப்போதோ தேய்ந்துவிட்டது. அந்த ஊசி இப்போது கிடைப்பதும் அரிது. அதனால் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். சிவப்பு, வெள்ளை பின் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளைகளில் செருகினேன். டிவிடி பிளேயருக்கு அப்படித்தானே செய்தோம்? வந்தது அந்தத் தகரக் குரல்.

தாப்கீர் கல்லியில் கிடைத்த விடை

புணேவில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று எது மக்கர் பண்ணினாலும் கால் தானாகப் போகும் இடம் புதவார் பேட்டையின் தாப்கீர் கல்லி. தகடூசேட் கணபதி கோயிலுக்குப் பக்கம்தான். ஒயர், சுவிட்ச், ஸ்பீக்கர், எட்டுக் கால் சிப் வரை எல்லாம் அந்தச் சந்தில் கிடைக்கும். அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்திருக்கும் முதியவரை எல்லோரும் ‘காகா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தப்பா. அவர் என்னை ‘தாயீ’ என்பார், அக்கா என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் தாயீதான்.

வீட்டில் கேட்டதை போனில் பதிவு செய்துகொண்டு போயிருந்தேன். காகா அதைக் காதில் வைத்து நாலு நொடிகூடக் கேட்கவில்லை. அது கணபதி விழாவுக்கு முந்தைய மாதம். ஆற்றங்கரையில் டோல்-தாஷா குழுக்கள் மாலைதோறும் ஒத்திகை பார்க்கும் காலம். டோல் என்பது இடுப்பில் கட்டி அடிக்கும் பெரிய முரசு, நெஞ்சுக்குள் இடிக்கும். தாஷா சின்னது, இரண்டு குச்சியால் சடசடவென்று பொரியும்.

“தாயீ, ஹா டோல் நஸ்லேலா தாஷா ஆஹே” என்றார் காகா. இது டோல் இல்லாத தாஷா.

என் காதுக்குக் கேட்டதை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. “தட்டு போச்சா காகா?” என்றேன். “தட்டு நன்றாக இருக்கிறது. டோல் அதற்குள்தான் இருக்கிறது, சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிதாக்கித் தருகிற பெட்டி உங்களிடம் இல்லை” என்றார். அந்தப் பெட்டிக்குப் பெயர் போனோ ப்ரீஆம்ப். ப்ரீஆம்ப்ளிஃபயர் என்பதன் சுருக்கம், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்காருவது.

மின்காந்தத் தூண்டலை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தவள் நான். என் வீட்டு வரவேற்பறையிலேயே அது நடந்துகொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு பேனா, காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். அப்போது புரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அரை கிலோமீட்டர் பள்ளம்

எல்பியின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பள்ளம்தான் இருக்கிறது. வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால் சுமார் 730 சுற்று. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அதன் அகலம் தலைமுடியின் பருமன் அளவுதான். பாட்டு முழுவதும் அந்தப் பள்ளத்தின் சுவர்களில் நெளிவாகப் பதிந்திருக்கிறது. ஊசி அந்த நெளிவில் ஓடும்போது தானும் ஆடுகிறது.

இன்றைய நல்ல ஊசிகளில் பெரும்பாலானவை காந்த வகை. ஊசித் தண்டின் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் கம்பிச் சுருள். காந்தம் ஆட, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டது இதைத்தான். பிறக்கும் மின்சாரம் எவ்வளவு? சுமார் 5 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் 1.5 வோல்ட் என்றால், அதில் முந்நூறில் ஒரு பங்கு. ‘ஆக்ஸ்’ துளை எதிர்பார்ப்பதோ அரை வோல்ட் அளவில். நூறு மடங்கு குறைவு. வால்யூமை எவ்வளவு திருப்பியும் பாட்டு எழாததற்குக் காரணம் இது. பெட்டியின் முதல் வேலை இந்த 5 மில்லிவோல்ட்டை நூறு மடங்காக்குவது.

இது பாதிக் கதைதான். எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கியிருந்தால் எனக்கு டோல் இல்லாத தாஷாதான் இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கும்.

மடித்துவைத்த பாட்டு

தட்டில் பாட்டை வெட்டும்போது இரண்டு சங்கடங்கள் வருகின்றன.

ஒன்று, கனத்த ஒலி. தொப்பியின் ‘தொம்’, தபலாவில் பாயா, வீணையின் மந்தர ஸ்தாயி, சினிமாப் பாட்டில் பேஸ் கிடார், இவையெல்லாம் மெதுவாக அதிரும் ஒலிகள். அவற்றை உள்ளது உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகலமாகக் கோணிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். இடிக்காமலிருக்க இடைவெளி விட்டால், 22 நிமிடம் கொள்ளும் ஒரு பக்கத்தில் பாதிகூடக் கொள்ளாது. ஊசியும் அந்த வளைவுகளில் தடம் மாறிக் குதிக்கும்.

இரண்டு, மெல்லிய ஒலி. ஜால்ராவின் கிணுகிணுப்பு, வயலின் வில்லின் உரசல், ‘ச’, ‘ஷ’ போன்ற எழுத்துகளின் சீறல் எல்லாம் மிகச் சிறிய நெளிவுகள். தட்டின் மேற்பரப்பு எழுப்பும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலில் அவை மூழ்கிப்போகும்.

இதற்கு ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு அழகானது. வெட்டும்போது கனத்த ஒலியை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறார்கள். மெல்லிய ஒலியை வேண்டுமென்றே உயர்த்திவிடுகிறார்கள். கேட்கும்போது இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். கனத்த ஒலியை ஏற்றி, மெல்லிய ஒலியை இறக்கினால் பாட்டு பழையபடி ஆகிவிடும். மெல்லிய ஒலியை இறக்கும்போது, அதனோடு சேர்ந்து தட்டின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் இறங்கிவிடுகிறது.

ஒன்பது கெஜப் புடவையைச் சின்னப் பெட்டியில் வைப்பது போலத்தான். நம்மூர் மடிசாராக இருந்தாலும் இங்கே கட்டும் நவ்வாரியாக இருந்தாலும், மடித்தால்தான் பெட்டிக்குள் அடங்கும். கட்டிக்கொள்ள அதே மடிப்பைப் பிரிக்க வேண்டும். மடித்தவருக்கு ஒரு முறை, பிரிப்பவருக்கு வேறு முறை என்றிருந்தால் புடவை கசங்கும். தட்டுக்கும் ஒரு காலத்தில் அந்தக் கதி இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு மடிப்பு வைத்திருந்தது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரே அளவை வகுத்தது. அதன் பெயரின் சுருக்கமே ஆர்ஐஏஏ. சில வருடங்களில் உலகமே அந்த அளவுக்கு வந்துவிட்டது. நம் வீட்டுப் பரண்களில் உள்ள எல்பிக்கள் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தவை. ஆகவே சுப்ரபாதத்துக்கும் பீட்டில்ஸுக்கும் இளையராஜாவுக்கும் மடிப்பு ஒன்றே, பிரிக்கும் முறையும் ஒன்றே.

அந்த அளவை எண்ணில் பார்த்தால் தொப்பி எங்கே போனது என்று விளங்கும். நொடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலியை நடுவாக வைத்துக்கொள்வோம். அதோடு ஒப்பிட்டால் 100 அதிர்வுள்ள ஒலியைப் பெட்டி சுமார் நாலரை மடங்கு ஏற்ற வேண்டும். 50 அதிர்வு என்றால் ஏழு மடங்கு. மேலே 10,000 அதிர்வுள்ள ஒலியை ஐந்தில் ஒரு பங்காக இறக்க வேண்டும். பெட்டி இல்லாமல் நான் கேட்டபோது தொப்பி நாலரையில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது, ஜால்ரா ஐந்து மடங்கு வீங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருபது மடங்குக்கு மேல் கோணல். ராமநாதனின் குரல் தகரமாக ஒலித்ததில் அவர் குற்றமும் இல்லை, தட்டின் குற்றமும் இல்லை.

அப்பாவுக்கு ஏன் இந்தப் பெட்டி தேவைப்படவில்லை?

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் வாட்டியது. அப்பாவின் பிளேயரில் ராமநாதன் ராமநாதனாகத்தானே பாடினார்?

விடை அடுப்படியில் இருந்தது. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் ‘க்ளிக்’கென்று பொறி பறக்கிறதே, அதற்குள் இருப்பது ஒரு பீங்கான் துண்டு. அதைத் தட்டினால், வளைத்தால் மின்சாரம் தரும். எழுபது, எண்பதுகளில் நடுத்தர வீடுகளில் இருந்த எச்எம்வி ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற பெட்டி பிளேயர்களில் ஊசி ஆட்டியது இதே இனத்துப் பொருளைத்தான். செராமிக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். காந்த ஊசி, எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அவ்வளவு மின்சாரம் தரும். மெதுவாக ஆடும் கனத்த ஒலிக்குக் குறைவாகத் தரும். செராமிக் ஊசியோ, எவ்வளவு தூரம் வளைகிறதோ அதற்கு ஏற்பத் தரும், வேகத்தைப் பார்க்காது. அதனாலேயே ஆர்ஐஏஏ மடிப்பின் பெரும்பகுதி அதில் தானாகப் பிரிந்துவிடும். மின்சாரமும் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வரும். தனிப் பெட்டி வேண்டியதில்லை.

அதற்கு ஒரு விலை உண்டு. செராமிக் ஊசி தட்டின்மேல் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும். காந்த ஊசிக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிராம் போதும். தட்டு தேயாமல் நாள்பட இருக்கவும், நுணுக்கம் துல்லியமாகக் கேட்கவும் காந்த ஊசியே நல்லது. எண்பதுகள் வரை நல்ல ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் ‘போனோ’ என்று ஒரு துளை இருக்கும். பிரிக்கும் பெட்டி அதற்குள்ளேயே அடக்கம். 1982இல் சிடி வந்தது. அதற்கு இந்த மடிப்பு எதுவும் கிடையாது. மெல்ல மெல்ல ஆம்ப்ளிஃபயர்கள் ‘போனோ’ துளையைக் கைவிட்டன. இப்போது தட்டு கேட்கும் ஆசை திரும்பியிருக்கிறது, துளை எல்லா ஆம்ப்ளிஃபயர்களுக்கும் திரும்பவில்லை. அந்த இடத்தைத்தான் இந்தச் சின்னப் பெட்டி நிரப்புகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நான் வாங்கியது மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இரண்டு தீப்பெட்டிக் கட்டுகளை ஒட்டிவைத்த அளவு. காகா அதன் நாலு திருகையும் கழற்றிக் காட்டினார். எட்டுக் கால் சிப் ஒன்று, சில ரெசிஸ்டர்கள், சில கெபாசிட்டர்கள். அந்தச் சிப்பின் எண் 5532. எழுபதுகளின் கடைசியில் வந்த வடிவமைப்பு. எத்தனையோ ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸர்களில் வருடக்கணக்காக உழைத்த சிப். தாப்கீர் கல்லியில் அதன் விலை சில பத்து ரூபாய்.

“அப்புறம் ஏன் காகா லட்ச ரூபாய்ப் பெட்டியெல்லாம் விற்கிறது?” என்றேன். அவர் சொன்னதோடு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மடிப்பைப் பிரிக்கும் கணக்கு 1954 முதல் ஊரறிந்தது, அதில் ரகசியம் ஏதுமில்லை. ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சொன்ன மதிப்புக்கு நெருக்கமாக இருந்தால் பிரிப்பும் சரியாக இருக்கும். விலை கூடக் கூட உதிரிகளின் துல்லியம் கூடும், சிப்பின் சொந்த இரைச்சல் குறையும். மூவிங் காயில் என்ற வகை ஊசிகளுக்கும் ஈடுகொடுக்கும். அவை அரை மில்லிவோல்ட்டும் அதற்குக் குறைவும் தருபவை, ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். அந்த வகை ஊசி வைத்திருப்பவர்களுக்கு, நல்ல ஸ்பீக்கரும் அமைதியான அறையும் உள்ளவர்களுக்கு அந்தச் செலவில் அர்த்தம் உண்டு. கூடத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கரில் அப்பாவின் தட்டைக் கேட்க நினைப்பவருக்கு, பெட்டியே இல்லாததிலிருந்து மூவாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு வருவதுதான் பெரிய தாண்டல். அதற்கு மேலே உள்ளவை சின்னப் படிகள்.

மலிவுப் பெட்டியில் குறை இல்லாமல் இல்லை. இரண்டு பாட்டுக்கு நடுவே மெல்லிய சீறல் கேட்கும். தட்டு சுழலும்போது எழும் உறுமலை வடிகட்டும் வசதி பலவற்றில் இருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, கூட வரும் அடாப்டர்.

உறுமலோடு ஒரு வாரம்

பெட்டியை மாட்டிய முதல் நாள் தொப்பி வந்தது. கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமலும் வந்தது. ராமநாதன் ஆலாபனையை நிறுத்தி மூச்சு வாங்கும் இடமெல்லாம் அது நிரம்பிவிட்டது.

காரணம் சுவருக்குள் ஓடும் கரண்ட். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அதிர்வு. 50 அதிர்வுள்ள ஒலியைப் பெட்டி ஏழு மடங்கு ஏற்றும் என்று மேலே சொன்னேன் அல்லவா? தொப்பி வேறு, வீட்டுக் கரண்ட் வேறு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒயரில் கரண்டின் சாயல் ஒரு துளி கலந்தாலும் அதையும் சேர்த்து ஏற்றிவிடும்.

உறுமலை ஒவ்வொன்றாகத் துரத்தினேன். முதலில், டர்ன்டேபிளிலிருந்து ஒற்றையாகத் தொங்கும் மெல்லிய ஒயர். அதை நான் உபரி என்று சுருட்டி வைத்திருந்தேன். அதுதான் எர்த் ஒயர். பெட்டியின் முதுகில் அதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது. முடுக்கியதும் பாதி உறுமல் அடங்கியது. அடுத்து, ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் வைத்திருந்த பெட்டியை இரண்டு முழம் தள்ளி வைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிலும் காந்தப்புலத்தைப் பரப்பும். இன்னும் கொஞ்சம் குறைந்தது. பிறகு டர்ன்டேபிள், பெட்டி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் எலெக்ட்ரீஷியனை அழைத்து பிளக் பாயின்டைச் சோதித்தால், மூன்றாவது துளைக்கு எர்த் இணைப்பே கொடுக்கப்படவில்லை. உறுமலுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும் சரிசெய்ய வேண்டிய விஷயம் அது. உறுமல் போகும் என்று யாராவது மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மிச்சமிருந்த மெல்லிய ‘சிர்ர்’ அடாப்டரின் வேலை. அதே வோல்ட், அதே துருவம் உள்ள நல்ல அடாப்டர் ஒன்றை காகா கொடுத்தார். அன்று மாலை ராமநாதன் மூச்சு வாங்கிய இடத்தில் தம்புரா மட்டும் கேட்டது.

நீங்கள் வாங்குமுன்

கடைக்குப் போகுமுன் உங்கள் டர்ன்டேபிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘போனோ / லைன்’ என்று சின்ன ஸ்விட்ச் இருந்தால் பெட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆடியோ-டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் போன்ற ஆரம்ப நிலை டர்ன்டேபிள்களில் இது உண்டு. ‘லைன்’ பக்கம் தள்ளி ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் போதும், செலவே இல்லை. ஸ்விட்ச் ‘லைன்’ பக்கம் இருக்கும்போது வெளிப்பெட்டியையும் சேர்த்து மாட்டாதீர்கள். இரண்டு முறை பிரித்த மடிப்பும் கசங்கல்தான், ஒலி தடித்துப் பிளிறும். பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் அதன் முதுகில் ‘போனோ’ துளையும் எர்த் திருகும் இருக்கிறதா என்று பார்க்கவும். செராமிக் ஊசியுள்ள பெட்டி பிளேயர் என்றால் இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

இவை எதுவும் இல்லாத காந்த ஊசி டர்ன்டேபிளுக்குத்தான் பெட்டி தேவை. பெரிங்கரின் பிபி400 போன்ற குட்டிப் பெட்டிகள் மலிவான பக்கத்தில் நிற்கின்றன. ஆர்ட் கம்பெனியின் டிஜே ப்ரீ டூ இன்னொரு படி. உறுமல் வடிகட்டியும், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் அதில் உண்டு. கையில் சால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தாப்கீர் கல்லி, சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் உதிரிகளை வாங்கித் தாங்களே செய்யலாம். ஒரு வருடப் பௌதிகப் பாடம் அந்தச் சின்ன போர்டில் இருக்கிறது. பெட்டியின் மறுபக்கத்தை ஆம்ப்ளிஃபயரில்தான் மாட்ட வேண்டும் என்றில்லை. ‘ஆக்ஸ்’ துளையுள்ள ஹோம் தியேட்டரோ, மின்சாரத்தில் ஓடும் ஸ்பீக்கரோ போதும்.

பணம் அளவாக இருந்தால் எதற்கு முதலில் செலவழிப்பது? ஊசிக்கு. தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும். 500 முதல் 1,000 மணி நேரத்துக்குள் ஊசியை மாற்ற வேண்டும். பழைய டர்ன்டேபிளோடு வரும் ஊசிக்கு எவ்வளவு வயது என்று யாருக்கும் தெரியாது, அதனால் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். அடுத்தது சுத்தம். புணேவின் மழைக்கால ஈரத்தில் தட்டில் பூஞ்சை படரும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. பெட்டி மூன்றாவது செலவு.

தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றுக்கு வேறு நியாயம். பீட்டில்ஸ் பாட்டுகூட 78 தட்டாக வந்த நாடு நம்முடையது, ஆகவே பல வீடுகளில் அவை உண்டு. அவை அரக்கில் செய்தவை. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அந்தத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் பாட்டே கரைந்துவிடும். எல்பி ஊசியையும் அதன்மேல் வைக்கக் கூடாது. அந்தப் பள்ளம் பல மடங்கு அகலம், அதற்கு மூன்று மடங்குக்கு மேல் பருமனான ஊசி வேண்டும். அவற்றின் மடிப்பும் பெரும்பாலும் 1954க்கு முந்தியது. நம் பெட்டியில் கேட்கலாம், கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

புணேவின் ஜூனா பஜாரில் புதன், ஞாயிறுகளில் பழைய தட்டுகளைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காமல் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் இடறும் கீறலை எந்தப் பெட்டியும் சரிசெய்யாது.

பெட்டி வந்த பிறகு வீணை பாலச்சந்தரின் தட்டை நான் மூன்றாவதாகக் கேட்டேன். சட்டக் கல்லூரிச் சாலையில் இன்று திரைப்படக் கல்லூரி இருக்கும் வளாகம் ஒரு காலத்தில் பிரபாத் ஸ்டூடியோ. அந்த பிரபாத் கம்பெனி 1930களில் எடுத்த ‘சீதா கல்யாணம்’ என்ற தமிழ்ப் படத்தில் பாலச்சந்தர் சிறுவனாகத் தோன்றினார். அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்பா ஜன்னல் வழியாக அந்த மதிலைக் காட்டுவார். இப்போது அந்த வீணையின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டு அது முழுதாக அடங்கும்வரை பாலச்சந்தர் காத்திருக்கிறார். பெட்டி இல்லாதபோது அது பாதியில் செத்துவிட்டிருந்தது. அவர் ஏன் அங்கே அத்தனை நேரம் நிறுத்துகிறார் என்பதே புரியாமல் இருந்தது.

போன மாதம் கடக்கிக்குப் போயிருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், எனக்கு மாமா, வயது 86. பேரன் பிறந்தநாளுக்கென்று ஒரு டர்ன்டேபிள் வாங்கிக் கொடுத்திருந்தான். அது மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. “ஏன் மாமா கேட்கிறதில்லையா?” என்றேன்.

“காது போயிடுச்சும்மா. பாட்டு கேக்குது, மிருதங்கம் கேக்கல. எனக்கு எதுக்கு இனிமே இதெல்லாம்?”

வயதானால் காதில் முதலில் மங்குவது மேல் ஸ்தாயி. மாமா கேட்கவில்லை என்று சொன்னது கீழ் ஸ்தாயியை. துணியை விலக்கிப் பின்னால் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் நேராக ‘ஆக்ஸ்’ துளையில் இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் என் பெட்டியை எடுத்துப் போய் நடுவில் மாட்டினேன், எர்த் ஒயரை முடுக்கினேன். மாமா தானே ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார்.

தனி ஆவர்த்தனம் வந்தபோது அவருடைய இடது கை தொடையில் தொப்பியைத் தட்டத் தொடங்கியது. ஓர் அடிகூடத் தப்பவில்லை. பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கியதும் என்னைப் பார்த்து, “இன்னொரு தரம் முதல்லேருந்து வை பாப்பா” என்றார்.

பெட்டியை நான் திரும்ப எடுத்துவரவில்லை. மறுநாள் தாப்கீர் கல்லிக்குப் போய் எனக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.